வெள்ளி மீனும் பொன் மீனும்

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஆறாம் நாளை நேயர்கள் ஒருமுறையாவது வந்து பார்க்க வேண்டும். மலையுச்சியில் தீபம் ஏற்றும் பத்தாம் நாளன்று திரளும் ஜன சமுத்திரத்தில், சுவாமியைத் தரிசிப்பதைவிட முன்னால் நிற்பவருடைய முதுகைத் தரிசிப்பதே அதிகம். ஆறாம் நாள் காலை அப்படியன்று. அன்றுதான் அறுபத்துமூவர் புறப்பாடு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாயன்மார்களைத் தோளில் சுமந்துகொண்டு மாட வீதிகளைச் சுற்றி வருவார்கள். அரசர், அந்தணர், வணிகர், வேடர், குயவர், வண்ணார், பாணர் என்று தமிழ்நாட்டின் சகல தொழில்களும் அன்றைக்கு வீதியில் ஒரே வரிசையில் போகும்.

சென்ற திருவிழாவில் நமது மருமானும் தோள் கொடுத்தான். அவனுக்குப் பன்னிரண்டு வயது. வீடு திரும்பியதும், தோளைத் தடவிக்கொண்டே, “மாமா, நான் சுமந்தவர் யார்?” என்று கேட்டான். சுமப்பதற்கு முன்பு கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால், பெரியவர்களே இந்த விஷயத்தில் அப்படி நடந்துகொள்ளாதபோது சிறுவனைக் குறை கூறுவதற்கில்லை. விசாரித்ததில், அவன் சுமந்தவர் அதிபத்த நாயனார் என்று தெரியவந்தது.

அதிபத்தர் நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் வாழ்ந்த பரதவர். தினமும் வலையில் அகப்படும் மீன்களில் ஒன்றைச் சிவபெருமானுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவது அவருடைய நியமம். ஒரு காலத்தில் கடல் வஞ்சித்தது. நாளெல்லாம் வலை வீசினாலும் ஒரே ஒரு மீன்தான் கிடைத்தது. அந்த ஒன்றையும் அவர் விட்டுவிட்டார். குடும்பம் பட்டினி கிடந்தது. ஒருநாள் அந்த ஒரு மீனும் வரவில்லை. பொன்னும் நவமணியும் இழைத்த அற்புத மீன் ஒன்று வந்தது. உலகமே விலை பெறும் என்று சொல்லத்தக்க அந்த மீனையும், “இது எம்பெருமானுக்கு” என்று அவர் கடலில் விட்டார். ரிஷபத்தின்மேல் இறைவன் காட்சி கொடுத்தான். சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லியிருக்கும் கதை இது. இன்றும் ஆவணி மாதத்து ஆயில்ய நட்சத்திரத்தில் நாகப்பட்டினத்தில் பொன் மீனைக் கடலில் விடும் திருவிழா நடக்கிறது.

கதை முடிந்ததும் மருமான் சிறிது யோசித்தான். “பிடித்த மீனை விட்டுவிடுவதற்கு எதற்காகப் பிடிக்க வேண்டும்? இந்தக் காலத்தில் யாராவது அப்படிச் செய்வார்களா?” என்று கேட்டான்.

நாம் பதில் தெரியாமல் விழித்தோம். அச்சமயம் நமது வீட்டுத் திண்ணையில் ஒரு நண்பர் உட்கார்ந்திருந்தார். பல ஆண்டுகள் அமெரிக்காவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பியவர். அவர் சிரித்துக்கொண்டே, “செய்கிறார்கள், தம்பி. சம்பளத்தில் பாதியைச் செலவழித்துக்கொண்டு செய்கிறார்கள். நானே செய்திருக்கிறேன்” என்றார்.

அன்று ஆரம்பித்த பேச்சுத்தான் நம்மைத் தை மாதத்தில் கடலூர்க் கழிமுகம் வரையில் இழுத்துச் சென்றது.

*வெள்ளி ராஜா*

அமெரிக்காவின் தென்கோடியில் இருக்கும் புளோரிடா மாகாணத்துக் கரைகளில் ‘டார்பன்’ என்று ஒரு மீன் இருக்கிறது. உடம்பெல்லாம் வெள்ளித் தகடு அடித்தாற்போல் மின்னுவதால் ‘வெள்ளி ராஜா’ என்று அதற்கு விருதுப் பெயரும் உண்டு. ராஜா என்ற பெயர் வீணாக வந்ததல்ல. ஆள் உயரத்துக்கு மேல் வளரும். 2003-ஆம் ஆண்டில் மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கினி-பிஸ்ஸாவில் தூண்டிலில் பிடித்த ஒரு டார்பன் 286 ராத்தல் நிறை இருந்தது. அதாவது ஏறக்குறைய 130 கிலோ. அதன் செதில் ஒன்றே மூன்று அங்குல அகலம் இருக்கக்கூடும்.

ஒரு காலத்தில் இதைத் தூண்டிலில் பிடிக்க முடியாது என்றே அமெரிக்கர்கள் நினைத்திருந்தார்கள். ஈட்டி எறிந்துதான் பிடிப்பார்கள். 1885-ஆம் ஆண்டில் நியூயார்க்கைச் சேர்ந்த உட் என்பவர், புளோரிடாவின் மேற்குக் கரையில், தூண்டிற்கோலும் ரீலும் கொண்டே 93 ராத்தல் மீன் ஒன்றைக் கரைசேர்த்தார். செய்தி பரவியது. அமெரிக்காவின் வட மாகாணங்களிலிருந்தும், கடல் கடந்து இங்கிலாந்திலிருந்தும் செல்வந்தர்கள் தூண்டிலும் கையுமாகப் புளோரிடாவுக்குப் புறப்பட்டார்கள். டெக்ஸாஸ் கடற்கரையில் போர்ட் அரான்ஸஸ் என்ற ஊரில் டார்பன் பெயரையே தாங்கிய விடுதி ஒன்று உண்டு. அதன் சுவர்களில் ஆயிரக்கணக்கான செதில்கள் வரிசை வரிசையாக ஒட்டியிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மீனைப் பிடித்தவர் பெயரும் தேதியும் எழுதப்பட்டிருக்கும். 1937-இல் அங்கே மீன் பிடித்த ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட செதிலும் அவற்றில் ஒன்று.

இத்தனை பாடுபட்டுப் பிடித்த மீனைச் சமைத்துச் சாப்பிடுவார்களா என்றால், அதுதான் இல்லை. டார்பனின் சதையெல்லாம் முள். அமெரிக்கர் அதைத் தட்டில் வைப்பதில்லை. பின் எதற்காக இந்தப் பாடு? அது குதிக்கும் குதிக்காகத்தான்!

தூண்டில் முள் தைத்த மறுகணமே டார்பன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஆகாயத்தில் எழும்பும். ஆள் கனமுள்ள வெள்ளிப் பாளம் ஒன்று எட்டடி, பத்தடி உயரத்தில் உடம்பை வளைத்துத் தலையை உதறிக்கொண்டு நிற்பதை நேயர்கள் கற்பனை செய்து பார்க்க வேண்டும். பத்துப் பேர் முள்ளைத் தைத்தால் அவர்களில் பலர் வெறும் கையுடன்தான் திரும்புவார்கள். காரணம், அதன் வாய் முழுவதும் எலும்புத் தகடு. முள் பதிவதற்கு வாயின் கடைக்கோணத்தில்தான் சிறிது இடம் இருக்கிறது. மேலும், தண்ணீருக்குள் இருக்கும் வரையில் மீனின் கனத்தை நீர் தாங்கிக்கொள்கிறது. அந்தரத்தில் எழும்பியதும் அதன் முழுக் கனமும் நூலின்மேல் விழுகிறது. அப்போது நூல் விறைப்பாக இருந்தால் அறுந்து போகும். இல்லையேல் முள் தெறித்துப் போகும். ஆகையால், மீன் குதிக்கும்போதெல்லாம் தூண்டிற்கோலை அதன் பக்கமாகத் தாழ்த்திக் கொடுக்க வேண்டும். ‘ராஜா எழுந்தால் வணங்கு’ என்பது அந்த நாட்டுத் தூண்டிற்காரர்களின் முதல் பாடம்.

“ஒரு மணி நேரம் போராடி, அதைப் படகின் ஓரத்துக்குக் கொண்டுவந்து, முள்ளைக் கழற்றி, போ என்று விட்டுவிடுவோம்” என்றார் நண்பர். “புளோரிடாவில் 2013 முதல் அதுவே சட்டம். 40 அங்குலத்துக்கு மேற்பட்ட மீனைத் தண்ணீரைவிட்டு வெளியே தூக்கவும் கூடாது. புது ரிக்கார்டு என்று கருதுகிறவர் மட்டும், பணம் கட்டி, ஆண்டுக்கு ஒன்றுக்கு அநுமதி பெறலாம்.”

சட்டம் வந்ததற்கு நியாயம் இருக்கிறது. டார்பன் நிதானமாக வளரும் ஜாதி. நீண்ட ஆயுள் உடையது. சிகாகோ நகரத்து மீன் காட்சிசாலை ஒன்றில் 1935-இல் கொண்டுவந்து விட்ட டார்பன் 1998 வரையில் உயிரோடிருந்தது. இதைக் கேட்டதும் மருமான் மனக்கணக்குப் போட்டு, “அறுபத்துமூன்று!” என்று கூவினான். அறுபத்துமூவரைச் சுமந்த தோளல்லவா!

*கெண்டையா, ராஜாவா?*

நமது தேசாபிமானம் சும்மா இருக்கவில்லை. “தூண்டில் விளையாட்டை மேல்நாட்டாரிடமிருந்துதான் கற்றுக்கொள்ள வேண்டுமோ?” என்று கேட்டோம். மீன் பிடிக்கும் வித்தையைப் பற்றி ஐஸக் வால்டன் என்ற ஆங்கிலேயர் எழுதிய புகழ்பெற்ற நூல் 1653-இல் வெளிவந்தது. அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 12-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கலியாணபுரத்துச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் ‘மானஸோல்லாஸம்’ என்ற சம்ஸ்கிருத நூலில் ‘மத்ஸ்ய விநோதம்’ என்று ஒரு பகுதியே எழுதி வைத்தான். எந்த மீன் எந்த நீரில் இருக்கும், எந்த இரைக்கு மயங்கும், கோலும் நூலும் எப்படியிருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் அரசன் விஸ்தாரமாகச் சொல்கிறான். இந்திய மீன் சாஸ்திரத்தில் மேதையான சுந்தர்லால் ஹோரா 1951-இல் அப்பகுதியை ஆராய்ந்து உலகத்துக்கு அறிவித்தார்.

நண்பர் நமது தேசாபிமானத்துக்கு இன்னும் ஒரு படி உணவு போட்டார். “டார்பன் இனத்தில் உலகத்தில் இரண்டே வகைகள்தாம். ஒன்று அட்லாண்டிக் சமுத்திரத்தது. மற்றொன்று நம்முடையது!” என்றார்.

நம்முடைய டார்பனுக்குத் தமிழில் மொரான் கெண்டை என்று பெயர். கிழக்கு ஆப்பிரிக்கா முதல் பசிபிக் தீவுகள் வரையில் அதற்கு வாசஸ்தலம். சோழமண்டலக் கரையின் கழிமுகங்களிலும் உப்பங்கழிகளிலும் உண்டு. 1782-இல் இதை வருணித்த பிரெஞ்சு விஞ்ஞானி புரூஸோனே, ‘கெண்டை போன்றது’ என்று பொருள்படும் லத்தீன் பெயரையே இதற்கு வைத்தார். நமது பரதவர்களும் கெண்டை என்றே அழைத்தார்கள். பாரிஸ் பண்டிதரும் சோழமண்டலத்து வலைஞரும் ஒருவரையொருவர் கேளாமலே ஒரே முடிவுக்கு வந்தது விந்தைதான். பின்னால் ஏற்பட்ட இனப் பெயருக்குப் ‘பெருங்கண்’ என்று பொருள். கெண்டைக் கண் என்று பாடிப் பாடிப் பழகிய நம்மவர்களுக்கு அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

உருவத்தில் மட்டும் நம்முடையது ராஜாவல்ல, ராஜகுமாரன். ஒரு முழம், ஒன்றரை முழம் வளர்ந்தது கிடைத்தாலே நல்ல மீன். ஆனால் குணமெல்லாம் அப்படியே. அதே வெள்ளிக் கவசம், அதே மேல்நோக்கிய தாடை, அதே எலும்பு வாய், அதே துள்ளல். முதுகுத் துடுப்பின் கடைசி நரம்பு சாட்டை நுனிபோல் நீண்டு தொங்குவது இரண்டுக்கும் பொதுவான அடையாளம்.

இன்னும் ஓர் அதிசயம் உண்டு. இது செவுளால் மட்டுமன்றி, நம்மைப்போல் வெறும் காற்றையும் சுவாசிக்கும். வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப் பை நுரையீரலைப்போல் வேலை செய்கிறது. நீரில் பிராணவாயு குறைந்த இடங்களில் இது மேலே வந்து, ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டுப் புரண்டு மறையும். அந்தப் புரளலில் தெறிக்கும் வெள்ளி மின்னல்தான் தூண்டிற்காரனுக்குத் துப்பு. அடியைத் தேடி வராகமும் முடியைத் தேடி அன்னமும் அலைந்த ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு, இரண்டு உலகத்துக்கும் நடமாடும் இந்தப் பிராணியிடம் தனி மோகம் ஏற்பட்டதில் வியப்பென்ன?

*கழிமுகத்தில்*

தென்பெண்ணை நமக்கு அந்நிய நதியல்ல. கர்நாடகத்து நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து, கிருஷ்ணகிரியைக் கடந்து, நமது ஜில்லாவின் சாத்தனூர் அணையில் தங்கி, மணலூர்பேட்டை, திருக்கோவலூர் வழியாகக் கடலூருக்கு வடக்கே கடலில் கலக்கிறது. ஒவ்வொரு தை மாதமும் ஐந்தாம் தேதியன்று அருணாசலேசுவரர் மணலூர்பேட்டைக்கு எழுந்தருளிப் பெண்ணையாற்றில் தீர்த்தவாரி கண்டருளுகிறார். அதே நாளில் கடலூரிலும் ஆற்றுத் திருவிழா. ‘சுவாமி நீராடிய தண்ணீர் எங்கே போகிறதென்று பார்த்து வருவோம்’ என்று வீட்டில் சொல்லிக்கொண்டு, திருவிழா முடிந்த வாரம் நாம் மூவரும் புறப்பட்டோம். சகோதரி நம்பவில்லை. நமது வீட்டில் மீன் சமைப்பதில்லை. மூட்டையில் மூன்று துண்டாகக் கழற்றி வைத்திருந்த தூண்டிற்கோலை அவள் பார்த்துவிட்டாள். “பையனைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தால் போதும்” என்று மட்டும் சொன்னாள்.

கடலூரில் இரவு தங்கி, விடியுமுன் கழிமுகத்தை அடைந்தோம். ஒரு முதிய பரதவர் தம்முடைய படகைக் காலை நேரத்துக்கு வாடகை பேசி அமர்த்திக்கொடுத்து, தாமே தாங்குகோலும் பிடித்தார். எழுபது வயதுக்குக் குறையாது. கண் மட்டும் இருபது வயதுக் கண். ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. ஒருபுறம் ஆற்றின் பச்சை நீர். ஒருபுறம் கடலின் நீலம். நடுவே இரண்டும் சேரும் இடத்தில் நுரைக்கோடு ஒன்று வளைந்து வளைந்து கிடந்தது.

“அதோ, புரளுது பாருங்க” என்றார் கிழவர். நமக்கு ஒன்றும் தெரியவில்லை. மருமானுக்குத் தெரிந்தது. “வெள்ளி! வெள்ளி!” என்று கத்தினான்.

நண்பர் முள்ளில் உயிருள்ள இறால் ஒன்றைக் கோத்தார். அந்த முள்ளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் நுனி வெளியே நீட்டிக்கொண்டிராமல் உட்புறமாக வளைந்து ஏறக்குறைய வட்டமாக இருக்கும். மீன் அதை விழுங்கினாலும் தொண்டையில் தைக்காது. இழுக்கும்போது நழுவி வந்து வாயின் கடைக்கோணத்தில் பற்றிக்கொள்ளும். கழற்றுவதும் சுலபம். விடுவதற்கென்றே பிடிக்கிறவர்களுக்கு இதுவே உகந்த முள்.

முதல் மீன் நண்பருடையது. கோல் வளைந்தது. ரீல் கிறீச்சிட்டது. இருபது கஜ தூரத்தில் வெள்ளி வில் ஒன்று நீருக்கு மேல் எழுந்து, உதறி, விழுந்தது. தங்கூசி தளர்ந்தது. இழுத்துப் பார்த்தால் முள் மட்டும் இருந்தது. இறாலும் இல்லை, மீனும் இல்லை. நண்பருடைய முகத்தில் வருத்தத்தின் சாயை சிறிதும் இல்லை. “பார்த்தீர்களா? பார்த்தீர்களா?” என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்து மருமான் கையில் கோல் போயிற்று. நமக்கு நெஞ்சு அடித்துக்கொண்ட அடி படகிலுள்ள மற்றவர்களுக்கும் கேட்டிருக்கும். கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு கையை முறித்துவிடுவதுபோல் ஓர் இழுப்பு! மீன் எழும்பியது. “வணங்கு!” என்று நண்பர் கத்தினார். பையன் கோலை நெட்டுக்குத்தாகப் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் பக்தியோடு குனிந்து வணங்கினான்! பட்டென்று தங்கூசி அறுந்தது. தூரத்தில் இன்னொரு முறை குதித்து விடைபெற்றுக்கொண்டது மீன். கிழவர் தாங்குகோலை ஊன்றிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “சாமி கும்பிடுற ஊர்த் தம்பிதான்!” என்றார்.

மூன்றாவது மீனுக்கு அவன் தவறு செய்யவில்லை. அது ஐந்து முறை குதித்தது. ஐந்து முறையும் கோலை நீட்டித் தாழ்த்திக் கொடுத்தான். அது ஆழத்துக்கு ஓடியபோது ஓடவிட்டான். களைத்து நின்றபோது சுற்றினான். நண்பர் பக்கத்திலிருந்து, “சீக்கிரம் முடி, தம்பி. நீண்ட நேரம் இழுத்தடித்தால் விட்டாலும் பிழைக்காது. களைத்த மீனைச் சுறா தின்றுவிடும்” என்று எச்சரித்துக்கொண்டிருந்தார். எல்லாம் பத்து நிமிஷத்துக்குள்தான். நமக்கு ஒரு யுகம் கழிந்தாற்போல் இருந்தது. கடைசியில் படகோரத்தில் அது வந்து சாய்ந்தது. ஒரு முழத்துக்குச் சற்று மேலே நீளம். நான்கு ராத்தல் இருக்கலாம். பெரிய கறுப்புக் கண் ஒன்று நம்மை நேராகப் பார்த்தது.

நண்பர் கையை நனைத்துக்கொண்டு — உலர்ந்த கை பட்டால் மீனின் மேல்வழுவழுப்பு உரிந்து நோய் பற்றுமாம் — முள்ளைக் கழற்றினார். “இப்போது விட்டுவிட வேண்டும்” என்றார்.

பையன் பேசவில்லை. அவனுடைய முகத்தைப் பார்த்தோம். ஊரிலே தேரடி வரையில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்ற ஆசை அதில் தெளிவாக எழுதியிருந்தது. நம் மனத்தில் வேறொரு சங்கடம். நாம் விட்டுவிடுவதில் என்ன பெருமை? நமது வீட்டில் இது உலையேறப் போவதில்லை. அதிபத்தர் விட்டபோது அவருடைய வீட்டு அடுப்பு எரியவில்லை. வயிறு நிறைந்தவன் விடுவதும் பசித்தவன் விடுவதும் ஒன்றாகுமா? அதோ, தாங்குகோலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கிழவருக்கு அது ஒருவேளைக் குழம்பு. முள் அதிகந்தான், விலை அதிகமில்லைதான். என்றாலும் குழம்பு.

இந்த எண்ணம் பையனுக்கும் எப்படியோ தோன்றியிருக்கிறது. மீனைத் தண்ணீரில் தாங்கியபடியே தலையைத் திருப்பி, “தாத்தா, நீங்கள் சொல்லுங்கள். விடலாமா?” என்று கேட்டான்.

கிழவர் உடனே பதில் சொல்லவில்லை. கழிமுகத்தின் பக்கம் பார்த்தார். அப்புறம் மீனைப் பார்த்தார்.

“விடு தம்பி. இது போனா இன்னொண்ணு வரும். இந்த ஆத்து வாய் அடைச்சிக்கிட்டாத்தான் ஒண்ணுமே வராது” என்றார்.

மீனின் தலையை ஓதத்துக்கு எதிராகத் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தான் பையன். செவுள் மெல்ல மெல்லத் திறந்து மூடியது. திடீரென்று வால் ஓர் உதறு உதறியது. கையில் ஒன்றும் இல்லை. முகமெல்லாம் தண்ணீர்.

*ஆற்றின் வாய்*

கிழவர் சொன்ன வார்த்தையின் பொருள் கரைக்கு வந்த பிறகுதான் நமக்கு முழுதும் விளங்கிற்று.

டார்பன் கடலில் முட்டையிடுகிறது. அட்லாண்டிக்கின் பெரிய மீன் ஒன்றுக்கு ஒரு கோடிக்கு மேல் முட்டைகள் உண்டு. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு தாயைப்போல் இராது. கண்ணாடி நாடாபோல் தட்டையாய், ஊடே பார்க்கத்தக்கதாய் இருக்கும். விலாங்கு மீனின் குஞ்சும் இதே வடிவம். இரண்டும் தூரத்து உறவு. இந்த நாடாக் குஞ்சு ஓர் அங்குலம் வரையில் வளர்ந்து, பிறகு வளர்வதற்குப் பதிலாகப் பாதியளவுக்குச் சுருங்கி, அதன் பிறகே மீன் உருவம் எடுத்து மறுபடி வளர்கிறது. அந்தக் காலத்துக்குள் அது கழிமுகத்தின் வழியாக உள்ளே வந்து சேர வேண்டும். உப்பங்கழியும், சேறும், தேங்கிய குட்டையுமே அதன் தொட்டில். பிராணவாயு குறைந்த அந்த நீரில் பெரிய மீன்கள் துரத்தி வரமாட்டா. இதுவோ காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும். கோடிக்கணக்கில் பிறந்தவற்றில் ஏதோ சில அங்கே வளர்ந்து, வலுவடைந்து, மறுபடி கடலுக்குப் போகும்.

ஆகவே வாசல் திறந்திருக்க வேண்டும். நமது கரையிலோ கடல் ஓயாமல் மணலை அள்ளிக்கொண்டு போய் ஆற்று வாய்களில் கொட்டுகிறது. அந்த மணல் மேட்டை வெட்டித் திறப்பது ஆற்றின் வேலை. ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் வந்தால் வாய் திறக்கும். வராத ஆண்டுகளில் அடைத்துக்கொள்ளும். அடைபட்டால் கடலில் இருக்கும் குஞ்சு உள்ளே வர வழியில்லை. உள்ளே வளர்ந்தது வெளியே போக வழியில்லை. இறாலுக்கும் மடவைக்கும் அதே கதிதான். கழிமுகத்தை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கும் அதே கதிதான்.

சாத்தனூர் அணை 1958-இல் முடிந்தது. அதனால் நமது ஜில்லாவிலும் அண்டை ஜில்லாக்களிலும் பச்சைப்பசேலென்று வயல்கள் விளைகின்றன. அதைக் குறை கூற நாம் யார்? அந்த நெல்லைத்தானே சாப்பிடுகிறோம்! ஆனால், ஆற்றில் ஓடும் நீரைக் கண்டால், “வீணாகக் கடலில் கலக்கிறதே” என்று பெருமூச்சு விடுவது நம்மவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. நாமே பலமுறை விட்டிருக்கிறோம். 2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின்போது பெண்ணையாறு மற்றொரு முகத்தையும் காட்டிற்று. சாத்தனூரிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் நீர் திறந்துவிட நேர்ந்தது. கடலூர் வரையில் கரையோர ஊர்கள் மூழ்கித் தவித்தன. ஒன்று, மிதமிஞ்சிய பெருக்கு. இல்லையேல் பொடி மணல். நடுவிலே ஒரு நிதானமான ஓட்டம் ஆண்டுதோறும் கடல் வரையில் போய்ச் சேர வேண்டும் என்பதைப் பற்றி யோசிப்பவர் குறைவு.

அதிபத்தர் கதையை நினைத்துப் பார்த்தோம். கிடைத்ததில் ஒன்றை விடு என்பதுதான் அவருடைய நியமம். எல்லாவற்றையும் விடு என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒன்றில், குறைவு வந்த காலத்திலும் கை வைக்கவில்லை. கடலுக்கென்று ஒரு பங்கு உண்டு என்பதை நுளைப்பாடிப் பரதவர் அறிந்திருந்தார். விட்டது வீண் போகவில்லை என்றும் அவர் கதை சொல்கிறது. ஆற்று நீரிலும் கடலுக்கு ஒரு பங்கு உண்டு. அது கலக்கும் இடத்தில்தான் நமது வெள்ளி ராஜகுமாரன் பிறவி எடுக்கிறான்.

பேசிய வாடகையுடன் கிழவருக்குச் சிறிது அதிகமும் கொடுத்தோம். வாங்கி மடியில் செருகிக்கொண்டார். பையனுடைய தலையில் கை வைத்து, “அடுத்த தைக்கு வா தம்பி. வாய் திறந்திருந்தா அதே மீனு இன்னும் ஒரு சாண் வளந்து நிக்கும்” என்றார்.

திருவண்ணாமலைக்குத் திரும்பியதும் சகோதரி கேட்ட முதல் கேள்வி, “எங்கே மீன்?” என்பதே. “விட்டுவிட்டேன் அம்மா” என்றான் பையன். அவள் நம்மைப் பார்த்தாள். நாம் நண்பரைப் பார்த்தோம். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. காட்டுவதற்குச் சாட்சி ஏதும் இல்லை அல்லவா?

அன்று மாலை தேரடியில் பையனுடைய சிநேகிதர்கள் கூடியிருந்தார்கள். அந்தப் பக்கமாகப் போன நமது காதில் விழுந்தவரையில், நான்கு ராத்தல் மீன் எட்டு ராத்தலாகியிருந்தது. ஐந்து குதி ஒன்பது குதியாகியிருந்தது. நாம் குறுக்கே பேசவில்லை. சமைத்துச் சாப்பிட்டிருந்தால் அது நான்கு ராத்தலோடு முடிந்திருக்கும். விட்ட மீன் வளரத்தானே செய்யும்!